இறால் சாண்ட்விச்: பிரெட் ஊறாமல் செய்ய

சேலத்துக்குக் கடல் மீன் ஐஸ் பெட்டியில்தான் வருகிறது. அதனால் இறால் வாங்கும்போது தலையைப் பாருங்கள். கறுத்து, தொட்டதும் கழன்று வந்தால் வேண்டாம். மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை இருந்தால் எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் தேறாது.

ரெண்டு சாண்ட்விச்சுக்கு ஓட்டோடு கால் கிலோ போதும். உரித்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்து, கழுவி, துணியால் ஈரம் போக ஒற்றுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த ஒற்றும் வேலையைத்தான். ஈர இறால் வறுபடாது, தண்ணீர் விட்டு வேகும். அந்தத் தண்ணீர்தான் பிரெட்டைச் சொதசொதவென்று ஆக்குகிறது.

கால் ஸ்பூன் உப்பு, சிட்டிகை மஞ்சள், கரகரப்பாக இடித்த மிளகு அரை ஸ்பூன். ஏற்காட்டு காபித் தோட்டத்து மிளகு கிடைத்தால் விடாதீர்கள். தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, இறாலை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம். பெரிய இறால் என்றால் ஒன்றரை. பிறை மாதிரி வளைந்தால் பதம். வளையமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்தான்!

முழுக்க ஆறிய பிறகு நறுக்கி, ரெண்டு ஸ்பூன் மயோனைஸ், பொடியாக அரிந்த நாலு சின்ன வெங்காயம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேருங்கள். சூட்டோடு கலந்தால் மயோனைஸ் உருகி எண்ணெய் பிரியும். பிரெட்டை டோஸ்ட் செய்து, உள்பக்கம் ஓரம்வரை வெண்ணெய் தடவுங்கள், ஈரம் இறங்காது. தக்காளி வைப்பதானால் விதையை வழித்துவிடுங்கள். செய்த உடனே சாப்பிடுங்கள், டிபன் பாக்ஸுக்கு இது சரிப்படாது.