பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள்

என் மனைவிக்கு இரத்தப் புற்றுநோய் என்று உறுதியான வாரத்திலேயே எங்கள் வீட்டுக்கு விளக்கங்கள் வரத் தொடங்கிவிட்டன. காட்பாடியில் முப்பது ஆண்டுகளாக ஒரே சபையில் இருந்துவரும் குடும்பம் எங்களுடையது. ஆகவே வந்தவர்களில் ஒருவரும் அந்நியரல்லர், அன்பில்லாதவர்களும் அல்லர். தேவன் தாம் நேசிக்கிறவர்களைச் சிட்சிக்கிறார் என்றார் ஒருவர். குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்து பார்க்கும்படி தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார் இன்னொருவர். கடுகளவு விசுவாசம் இருந்தாலே போதும் என்று மூன்றாமவர் தேற்றியபோது, அந்தக் கடுகளவும் எங்களிடம் இல்லை என்று அவர் கண்டுபிடித்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. என் மனைவி எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, "ஏங்க, என் உடம்புல இருக்கறது வியாதியா, இல்ல வழக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதினான்கு மாதங்களுக்குப் பிறகு அவளை அடக்கம் செய்த அன்றும் இல்லை.

வேலூரில் வாழ்கிறவர்களுக்குப் பிறருடைய நோய் புதிதல்ல. இங்குள்ள சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தேடி, மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் கையில் ரிப்போர்ட் பையுடன் காட்பாடி சந்திப்பில் வந்து இறங்குகிறவர்களைச் சிறுவயது முதலே பார்த்து வளர்ந்தவன் நான். ஆற்காடு சாலையைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த லாட்ஜுகளும், மீன்குழம்பும் சோறும் போடும் சிறு உணவகங்களும் அவர்களுக்காகவே ஏற்பட்டவை. அத்தனை ஆண்டுகள் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேருந்து பிடிக்க ஓடியவன், ஒரு மே மாதத்து வெயிலில் அதே கூட்டத்தில் ஒருவனாக, கையில் அட்டையுடன் வரிசையில் நின்றேன்.

இந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் துன்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஐடா ஸ்கடர் அம்மையாரின் அந்த ஓர் இரவைச் சொல்லாமல் முடிக்க மாட்டார்கள். திண்டிவனத்தில், மருத்துவரான தந்தையின் வீட்டில், நோயுற்ற தாய்க்குத் துணையாக வந்து தங்கியிருந்த இளம்பெண் அவர். மிஷனெரியாக வாழும் எண்ணமே அப்போது அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று கணவர்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் இன்னொரு சாதி இந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காப்பாற்ற வரும்படி அவரை அழைத்தார்கள். தாம் மருத்துவர் அல்ல, தந்தைதான் மருத்துவர் என்று அவர் சொல்லியும், ஆண் மருத்துவர் வருவதற்கு அவர்கள் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பி, 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் அவர் தொடங்கிய பணிதான் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் பின்னர் இன்றைய சி.எம்.சி.யாகவும் வளர்ந்தது.

இதைப் பிரசங்கத்தில் சொல்லும்போது, அந்த மூன்று பெண்களின் மரணத்துக்கும் ஒரு நோக்கம் இருந்தது, அதனால்தானே இத்தனை பெரிய மருத்துவமனை எழுந்தது என்று முடிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது என்னால் அப்படிச் சொல்ல முடியாது. மனைவியைத் தகனம் செய்துவிட்டோ அடக்கம் செய்துவிட்டோ வீடு திரும்பிய அந்த மூன்று பேரிடம் போய், இது ஒரு மருத்துவமனைக்கான விலை என்று சொல்லத் துணிகிற வாய் எந்த வாய்? அந்த அம்மையாரும் அந்தச் சாவுகளுக்கு விளக்கம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த முறை கதவு தட்டப்படும்போது வெறுங்கையுடன் நிற்கக் கூடாது என்றுதான் படிக்கப் போனார். காரணம் தெரிவது வேறு, அழைப்பு கேட்பது வேறு. இந்த வேறுபாடு பிடிபடுவதற்கு எனக்கு ஐம்பத்திரண்டு வயதாக வேண்டியிருந்தது.

வலி ஒரு வரம் என்ற பேச்சும் இங்கே அதிகம் புழங்குகிறது. அது டாக்டர் பால் பிராண்ட் அவர்களிடமிருந்து வந்தது. கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூருக்கு வந்தவர் அவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி அற்றுப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயப்பட்டுச் சிதைகின்றன என்பதைக் கண்டறிந்து, அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சையால் இயக்கத்தை மீட்டுக் கொடுத்தார். வலியே இல்லாதவர்களைக் கண்டு அவர் சொன்னதை, வலியால் இரவெல்லாம் புரள்கிறவளின் கட்டிலருகே நின்று சொன்னால் அது வேறொன்றாகிவிடுகிறது. ஒரு நோயாளிக்கான மருந்தை வேறொரு நோயாளிக்குக் கொடுப்பது போலத்தான் அது.

வேதாகமத்தில், காரணம் தெரியாமல் துன்புற்ற நீதிமானாகிய யோபின் புத்தகத்தை அந்த நாட்களில் மூன்று முறை வாசித்தேன். அவனைத் தேற்ற வந்த நண்பர்களான எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டென்றால், அது அவர்கள் வாய் திறப்பதற்கு முன் செய்ததுதான்: ஏழு நாள் இரவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல், அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கியபின் அவர்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை பிரசங்க பீடத்தில் நன்றாகவே ஒலிக்கக்கூடியவை. ஆனால் முடிவில் கர்த்தர் கோபம் கொண்டது தம்மோடு வழக்காடிய யோபின்மேல் அல்ல, தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள்மேல். யோபுக்கும் காரணம் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பெருங்காற்றிலிருந்து தேவன் பேசினார். எதற்காக என்பதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் சபையிலும் அப்படித் தரையில் உட்கார்ந்தவர் ஒருவர் இருந்தார். விதவை, எழுபது வயதைத் தாண்டியவர், நாங்கள் பெரியம்மா என்றுதான் அழைப்போம். கீமோ கொடுத்த மறுநாள் காலைகளில் வருவார். கீரை ஆய்வார், பாத்திரம் தேய்ப்பார், வாந்தி எடுத்த பேசினைக் கழுவி வெயிலில் கவிழ்ப்பார், பிறகு என் மனைவியின் கால்மாட்டில் பாய் விரித்து உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் நானே பொறுக்காமல், "ஏதாவது ஜெபம் பண்ணுங்க பெரியம்மா" என்றேன். "அதான் பண்ணிக்கிட்டிருக்கேன், நீ போய் கொஞ்சம் படுப்பா" என்றார்.

இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிற இயேசு, அவன் கல்லறைக்குப் போய்ச் சேருமுன் கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். எழுப்பப் போகிறவருக்கு அழுகை எதற்கு என்று முன்பு வியந்ததுண்டு. இப்போது என் விசுவாசத்தில் மிஞ்சியிருப்பதெல்லாம் ஏறக்குறைய அந்த ஒரு வசனத்தின்மேல்தான் நிற்கிறது. என்னைக் கைவிட்டீரே என்று சிலுவையில் கதறியவரிடம் அன்றி வேறு யாரிடமும் என்னால் அந்த மாதங்களைப் பற்றிப் பேசியிருக்க முடியாது.

அவள் போன பிறகு அவளுடைய வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் கோடிடுகிற இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் ஒரு கோடும் இல்லை. எண்பத்தெட்டாம் சங்கீதத்தின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் மூன்று தேதிகள் இருந்தன. மூன்றும் கீமோ கொடுத்த தேதிகள். துதியில் முடியாமல் இருளிலேயே முடிந்துவிடுகிற சங்கீதம் அது. சபையில் அதை வாசித்து நான் கேட்டதே இல்லை. சென்ற பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் ஒரு பகுதி வாசிக்க என்னை அழைத்தபோது, ஆயரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவளுடைய புத்தகத்திலிருந்து அதை வாசித்தேன். வாசித்து முடித்ததும் வழக்கமான ஆமென் யாரிடமிருந்தும் வரவில்லை. பின்வரிசையில் பெரியம்மா மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.