ஏசி மண்டலங்களை எங்கே பிரிப்பது?

குளிரூட்டல் சுமையை (ஏசி நீக்க வேண்டிய வெப்பத்தின் அளவை) கணக்கிட, கட்டட மாதிரி வரையும் ரெவிட்டையோ ஆற்றல் கணக்கிடும் எனர்ஜிபிளஸ்ஸையோ திறக்கும் இளம் பொறியாளர்களில் பலர், கட்டடக்கலைஞர் வரைந்த அறைகளையே அப்படியே மண்டலங்களாக (ஒரே தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்தும் பகுதிகளாக) எடுத்துக்கொள்கிறார்கள். மேலாளர் கேபினுக்கு ஒன்று, கூட்ட அறைக்கு ஒன்று, நூறு பேர் அமரும் திறந்த கூடத்துக்கும் ஒன்றே ஒன்று. சுவர் இருக்கும் இடத்தில் கோடு போடுவதற்கு யோசனை தேவையில்லை. உண்மையான வேலை, சுவரே இல்லாத அந்தக் கூடத்தில்தான் இருக்கிறது.

ஒரு மண்டலத்துக்குள் இருக்கும் காற்று முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் எனர்ஜிபிளஸ் கணக்குப் போடுகிறது. அதாவது, ஒரு கோட்டுக்குள் அடைத்த பரப்பு முழுவதையும் ஒரே தெர்மோஸ்டாட் கவனித்துக்கொள்ளும் என்று நாம் அதற்கு வாக்குக் கொடுக்கிறோம். கண்ணாடியை ஒட்டிய இருக்கைக்கும் நடுக்கூடத்து இருக்கைக்கும் அந்த வாக்கு பொருந்துமா என்பதை மென்பொருள் கேட்காது.

சென்னையின் ஓ.எம்.ஆர். சாலையை எடுத்துக்கொள்வோம். சாலை ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுவதால், அதைப் பார்த்த முகப்பு கிழக்காகவோ மேற்காகவோதான் அமைகிறது. கண்ணாடியையும் அங்கேதான் பதிக்கிறார்கள். (வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைவிடப் பெயர்ப்பலகை எந்தப் பக்கம் தெரியும் என்பதுதான் முகப்பைத் தீர்மானிக்கிறது. அது தனி வருத்தம்.) சாலையோரம் 40 மீட்டர் நீளமும் 24 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு தளம், மேற்கு முகம் என்று வைத்துக்கொள்வோம். ஏசி பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே வெளியிடும் 90.1 ஆற்றல் தரநிலையின் பின்னிணைப்பு ஜி, வெளிச்சுவரிலிருந்து 15 அடி, அதாவது 4.57 மீட்டர் வரையிலான பகுதியை விளிம்பு மண்டலமாகவும் அதற்கு உட்பட்டதை நடு மண்டலமாகவும் பிரிக்கச் சொல்கிறது. கண்ணாடிச் சுவர் பார்க்கும் ஒவ்வொரு திசைக்கும் தனி மண்டலம் வேண்டும். அப்படிப் பிரித்தால், 960 சதுர மீட்டர் தளத்தில் நடுப்பகுதிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 459 சதுர மீட்டர்தான். பாதிக்கும் மேற்பட்ட தளம் விளிம்பில் இருக்கிறது.

கிழக்கு விளிம்பின் உச்சச் சுமை காலையில் வரும். மேற்கின் உச்சம் பிற்பகல் நான்கு மணியை ஒட்டி வரும். எல்லாவற்றையும் ஒரே மண்டலமாக்கினால், மேற்குக் கண்ணாடி வழியே வரும் வெப்பம் தளம் முழுவதற்கும் பரவிவிட்டதாகக் கணக்கு ஆறுதல் சொல்லும். மேற்கு வரிசைக்கு வேண்டிய காற்றளவு குறைத்துக் காட்டப்படும். கட்டி முடித்தபின் அந்த வரிசையில் வியர்க்கும்போது நடுவில் இருப்பவர் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வார். வடக்கை நிழல் பக்கம் என்று நடுப்பகுதியோடு சேர்ப்பதும் சென்னைக்குப் பொருந்தாது. 13 டிகிரி அட்சரேகையில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் இருக்கிறது.

ரெவிட்டில் இதைச் செய்யும்போது, இணைத்த கட்டடக்கலை மாதிரியின் பண்புகளில் 'ரூம் பவுண்டிங்' தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதன் சுவர்களை மென்பொருள் எல்லையாக ஏற்காது. திறந்த கூடத்தை 'ஸ்பேஸ் செபரேட்டர்' கோடுகளால் ஸ்பேஸ்களாக (சுமையைக் கணக்கிட ரெவிட் எடுத்துக்கொள்ளும் பகுதிகளாக) பிரித்து, மூலைகளில் சாய்கோடு போட்டு இரு திசைகளையும் பிரிக்கலாம். ஸ்பேஸின் உயரம் மேல்தளம் வரையா, ஃபால்ஸ் சீலிங் வரையா என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். எந்த மண்டலத்திலும் சேர்க்காத ஸ்பேஸ்கள் 'டிஃபால்ட்' மண்டலத்தில் சத்தமில்லாமல் தங்கிவிடும். சிஸ்டம் பிரௌசரில் அவற்றைத் தேடிப் பிடிக்கலாம்.

வெப்பமூட்டல் பற்றிச் சென்னையில் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் குளிர்நாட்டு வார்ப்புருவில் வந்த 21 டிகிரி வெப்பமூட்டல் அளவு கோப்பில் அப்படியே இருக்கும். மறுசூடு வசதியுள்ள விஏவி பெட்டிகளை (அறைக்குப் போகும் காற்றளவைக் கூட்டிக் குறைத்து, தேவைப்பட்டால் அதைச் சூடாக்கும் பெட்டிகளை) மாதிரியில் வைத்திருந்தால், காலியான கூட்ட அறைக்குள் குறைந்தபட்சக் காற்றளவு 13 டிகிரியில் விழுந்துகொண்டே இருக்கும். அறை 21-க்குக் கீழே போகும். உடனே ஹீட்டர் கிளம்பும். ஆண்டறிக்கையில் சென்னைக்கு வெப்பமூட்டல் மின்சாரம் என்ற வரியைக் கண்டதும், இயக்க அட்டவணையில் ஹீட்டரை நிறுத்திவிடுகிறார்கள். வரி மறைகிறது, அதிகக் குளிர் மறைவதில்லை. கூட்ட அறையைத் தனி மண்டலமாக்கி, அதன் உண்மையான பயன்பாட்டு நேரத்தைக் கொடுத்து, குறைந்தபட்சக் காற்றளவைக் குறைப்பதே சரியான வழி. இரவு பகலாக ஓடும் சர்வர் அறைக்கும் தனி மண்டலமும் தனி இயந்திரமும் வேண்டும்.

ஊட்டி போன்ற இடங்களில் வெப்பமூட்டல், குளிரூட்டல் இரண்டுமே தேவைப்படலாம். அங்கே வெப்பமூட்டல் தொடங்கும் வெப்பநிலைக்கும் குளிரூட்டல் தொடங்கும் வெப்பநிலைக்கும் இடையே ஏறத்தாழ 2.8 டிகிரி இடைவெளி விடுங்கள். முன்னது பின்னதைத் தாண்டினால் எனர்ஜிபிளஸ் பிழை காட்டி நின்றுவிடும்.

கணக்கை ஓட்டி முடித்ததும் நான் முதலில் பார்ப்பது ஏசியின் மொத்த டன் அளவை அல்ல, நிறைவேறாத மணிநேரங்களின் (மண்டலம் கேட்ட வெப்பநிலையை எட்டாத மணிநேரங்களின்) பட்டியலை. ஆஷ்ரே ஆண்டுக்கு 300 மணிநேரம் வரை அனுமதிக்கிறது. அந்த மணிநேரங்கள் முழுவதும் மேற்கு விளிம்பில் மட்டுமே குவிந்திருந்தால், 'சில்லர்' எனும் குளிர்விக்கும் இயந்திரத்தைப் பெரிதாக்குவதற்கு முன் அந்த மண்டலத்தின் எல்லைக்கோட்டையும் காற்றளவையும் திரும்பத் திறந்து பாருங்கள்.