அஞ்செட்டி மலைப்பக்கம்: ராகி அறுக்கும் மாதத்துக் குறிப்புகள்

டிசம்பர் 4

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி அஞ்செட்டி ரோட்டில் போகப் போகப் பேச்சு மாறும். சந்தையில் தமிழ், வீட்டுக்குள் கன்னடம், சில தெருக்களில் தெலுங்கு. நாலு கன்னடச் சொல் தெரிந்தால் ஊர்ப்பெயர்களே வழி சொல்லும். பெட்ட என்றால் மலை, ஹள்ளி என்றால் ஊர். ஒகேனக்கல்லில் இருப்பது ஹொகே, அதாவது புகை.

டிசம்பர் 9

ஆடியில் விதைத்த ராகி இப்போது அறுப்பில். முதலில் கதிரை மட்டும் அரிவாளால் கொய்வார்கள். தாள் பிறகு மாட்டுக்கு. எட்டு வரி ராகிக்கு ஒரு வரி அவரை போட்டிருப்பார்கள்; ராகி போனபின் பனியில் அது காய்த்துக் கொட்டும்.

ராகியை எங்கே அடித்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சாணி மெழுகிய களத்து ராகி சுத்தமாக இருக்கும். தார் ரோட்டில் பரப்பி வண்டி ஏற்றி அடித்ததில் பொடிக்கல் சேரும். கல்லும் தானியமும் ஒரே அளவு, முறத்துக்குச் சிக்காது. தண்ணீரில் அரித்துக் காயவைத்துத்தான் அரைக்கவேண்டும்.

டிசம்பர் 10

கதிர் பால் பிடித்ததிலிருந்து யானை வரும். அதனால்தான் கொல்லைக்குக் கொல்லை (இங்கே கொல்லை என்றால் மேட்டு நிலம்) காவல் பரண். இருட்டியபின் கொல்லை வழியாக நடக்கவே கூடாது. வேலிக்குக் கள்ளத்தனமாகக் கரண்டு கொடுப்பது பெரும் பாவம்: 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிப் பக்கம் அப்படித்தான் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன.

டிசம்பர் 17

இந்த ஊரை அறிய ஒரே வாசல் களிதான். நாலு பேருக்கு ஐந்து டம்ளர் தண்ணீர், அரை டம்ளர் அரிசி நொய், இரண்டு டம்ளர் ராகி மாவு. நொய் குழைய வெந்து, தண்ணீர் இன்னும் தளதளவென்று கொதிக்கும்போது உப்புப் போட்டு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டவேண்டும். கிளறக்கூடாது! களிக்கோலின் காம்பால் அடிவரை ஒரு குழி குத்திவிட்டால் கொதிநீர் அதன் வழியே மேலேறி மாவை வேகவைக்கும். தீயைக் குறைத்து மூடி, பத்து நிமிஷம்.

அவசரப்பட்டுக் கிளறினால் மேல்மாவு வெந்து உள்மாவைச் சுற்றிக்கொள்ளும். உருண்டையைப் பிட்டால் நடுவே வெள்ளைப் பொடியாகக் கட்டி தெரியும். அப்படி ஆனால் கொஞ்சம் வெந்நீர் தெளித்து, மூடித் தணலில் வைத்துத் திரும்பக் கிண்டலாம்; முழுசாகச் சரியாகாது, ஆனாலும் தின்னலாம்.

பதம் வந்ததும் பானையை இறக்கி, கவைக்கோலால் அணைத்துப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் கிண்டவேண்டும். ஈரவிரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. நனைத்த கிண்ணத்தில் போட்டு உருட்டி, அவரைக்காய்க் குழம்போடு வைப்பார்கள். மெல்லாதீர்கள், பல்லில் அப்பிக்கொள்ளும். பிட்டு, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவதுதான் முறை.

மீந்த உருண்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடக்கும். காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுத்தான் கொல்லைக்குப் போவார்கள்.