மெழுகு மூடி சீவ ஒரு கருவி தேடிய கதை

முதல் தடவை தேன் எடுத்தபோது, தேனீக்கள் தேன் அறைகளின் வாயை அடைத்து வைக்கும் மெழுகு மூடியைச் சமையலறைக் கத்தியால்தான் சீவப் பார்த்தேன். சட்டத்தைச் சுழற்றித் தேன் எடுக்கும் இயந்திரத்தை இரவல் வாங்கி, வாளியும் வடிகட்டியும் கழுவிக் காயவைத்து, அடை கட்டிய மரச் சட்டங்களையும் தேனீப் பெட்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், மூடியை எதால் எடுப்பது என்று யோசிக்கவே இல்லை என்பது உறைத்தது. அந்தக் கத்தி சீவவில்லை, அடையை அமுக்கியது. அறைச் சுவர்கள் மடிந்து, தேன் முழங்கை வரை வழிந்து, ஒரு சட்டத்தில் பாதி அடை பிய்ந்து தட்டில் விழுந்தது. மிச்சச் சட்டங்களை அப்படியே பெட்டிக்குத் திருப்பி வைத்துவிட்டேன்.

அடுத்து முள்கரண்டி வாங்கினேன். சாப்பாட்டுக்கு வைப்பது இல்லை, ஊசி மாதிரி மெல்லிய முட்கள் வரிசையாக இருக்கும், இதற்கென்றே செய்தது. கத்தி என்றால் மூடியோடு தேனும் சேர்ந்து போய்விடும் என்ற பயம்தான் காரணம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: முட்களை அடைக்குள் குத்தக் கூடாது, மூடிக்குக் கீழே படுக்கையாக நுழைத்து மெல்லத் தூக்க வேண்டும். தூக்கினால் மூடி அப்பளம் மாதிரி ஒரே ஏடாக வரும், அடியில் அறைகள் நிறைய தேன் பளபளக்கும். வேலை சுத்தம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சட்டத்தின் இரண்டு பக்கமும் முடிக்க எனக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. பத்தாவது சட்டத்துக்குள் மணிக்கட்டு விண்ணென்று வலித்தது.

அதனால் வேகம் வேண்டுமென்று முள் உருளைக்குப் போனேன். பெயிண்ட் அடிக்கும் ரோலர் மாதிரி, மேலே முழுக்கச் சின்னச் சின்ன முட்கள். இரண்டு இழுப்பு இழுத்தால் ஒரு பக்கம் முடிந்தது. மூடி போகாது, ஓட்டை மட்டும் விழும், மீதியை இயந்திரம் சுழலும் வேகம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். தேன் நீர்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் ஓரளவு பார்த்துக்கொள்ளும் போல. என் தேன் கெட்டி, சின்ன ஓட்டை வழியாக வெளியே வர மனமில்லாமல் அறைக்குள்ளேயே நின்றது. வந்த தேனிலும் மெழுகுத் துணுக்குகள். வடிகட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொண்டது. சீவுவதில் மிச்சம் பிடித்த நேரத்தை வடிகட்டிக்கே கொடுத்தேன்.

அப்புறம் ஒரு நண்பரிடமிருந்து ஒரு நாளைக்கு மின்சாரச் சூட்டுக் கத்தி கிடைத்தது. சும்மா சொல்லக் கூடாது, புடைத்த அடையில் அது போகிற அழகே தனி. ஆனால் தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரி செல்சியஸில், அந்தக் கத்தியோ சூட்டைத் தானே கட்டுப்படுத்தாத வகை, விட்டால் அதற்கு மேல் எங்கேயோ போகும். சட்டம் மாற்ற நான் கொஞ்சம் நிறுத்தினாலும் அலகில் ஒட்டிய தேன் கருகி, தீய்ந்த சர்க்கரை வாசம் வந்தது. பெட்டி ஐம்பது, நூறு என்று வைத்திருப்பவருக்கு அது சரி. இரண்டு பெட்டிக்காரனுக்கு எதற்கு?

சூடான காற்று அடிக்கும் துப்பாக்கியையும் விடவில்லை. மூடிக்கும் தேனுக்கும் நடுவே காற்று இருக்கிற வெள்ளை மூடிகள் சட்டென்று திறந்துகொண்டன. தேன் மூடியைத் தொட்டு, ஈரம் பட்டதுபோல் கறுத்திருந்த இடங்களில் மெழுகு உருகி அங்கேயே திரும்ப உறைந்தது. சரி, இதுவும் இல்லை.

கடைசியில் நிலைத்தது பல் வைத்த நீளமான ரொட்டிக் கத்தி. அலகு சட்டத்தின் மேல்கட்டையிலும் அடிக்கட்டையிலும் ஒரே நேரத்தில் படிந்து நகர வேண்டும், அதுதான் முக்கியம். லாங்ஸ்ட்ராத் என்ற வகைத் தேனீப் பெட்டியின் பெரிய சட்டம் 23 செ.மீ. உயரம், அதற்கு 25 செ.மீ.க்குக் குறைந்த அலகு ஆகாது. கட்டை மேல் சட்டத்தை நிறுத்தி, சீவும் பக்கம் முன்னால் சாயும்படி பிடித்து, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தால், சீவிய மூடி அடையில் ஒட்டாமல் தானாகத் தட்டில் விழும். கீழிருந்து மேலே சீவுகிறவர்கள் மேலே பிடித்திருக்கும் கட்டைவிரலை மறந்துவிட வேண்டாம், எனக்குத் தழும்பு இருக்கிறது. கத்தியை வெந்நீரில் முக்கினால் நன்றாகப் போகும், ஆனால் துடைத்துவிட்டுத்தான் அடையில் வைக்க வேண்டும், தேனில் நீர் ஏறினால் புளிக்கும். இரண்டு கத்தி இருந்தால் ஒன்று வெந்நீரில், ஒன்று கையில்.

ஆனால் கத்தியும் முதல் வருடம் என்னை அரைகுறையாகத்தான் காப்பாற்றியது. பத்துச் சட்டம் கொள்ளும், தேன் சேரும் மேல்பெட்டியில் பத்தையும் நெருக்கி வைத்திருந்தேன், அடை மரக்கட்டையைத் தாண்டி வெளியே வரவில்லை, பல இடத்தில் உள்வாங்கியே இருந்தது. கத்தி கட்டையில் உரசிப் போனதே தவிர மூடியைத் தொடவில்லை. அடுத்த பருவத்தில் அதே மேல்பெட்டியில் ஒன்பது சட்டம் மட்டும் இடைவெளி விட்டு வைத்தேன். தேனீக்கள் அறைகளை நீட்டிக் கட்டி, அடை இரண்டு பக்கமும் புடைத்து வந்தது. அதே கத்தி, ஒரே இழுப்பு. இதை முன்பே செய்திருந்தால் பாதிக் கருவிகளை வாங்கியிருக்கவே மாட்டேன். ஆனால் ஏற்கெனவே அடை கட்டி முடித்த சட்டங்களுக்குத்தான் இது பொருந்தும். அடை கட்ட அடித்தளமாக வெறும் மெழுகுத் தாள் வைத்த சட்டங்களையும் ஒரு மேல்பெட்டியில் அப்படித் தள்ளி வைத்துப் பார்த்தேன், தேனீக்கள் நடுவில் தங்கள் இஷ்டத்துக்குக் குறுக்கு அடை கட்டி, இரண்டு சட்டத்தைச் சேர்த்து ஒட்டிவிட்டன.

முள்கரண்டியைத் தூக்கி எறியவில்லை. கத்தி தொடாத குழிகளையும் ஓரங்களையும் அதுதான் முடிக்கிறது. கத்தியோடு தேன் போய்விடும் என்று பயந்தேனே, அந்தச் சீவல்களை ஒரு சல்லடையில் போட்டு, கீழே பாத்திரம் வைத்து, எறும்பும் தேனீயும் வராமல் மூடி இரவு முழுக்க விட்டேன். காலையில் பார்த்தால், முதல் வருடம் பிய்த்துக் கொட்டிய அந்தப் பாதி அடையின் தேனுக்குக் குறையாமல் பாத்திரத்தில் இறங்கியிருந்தது.