எங்கள் எழுத்துரு மாற்றிக்கு உரிமம் எழுதிய கதை

திருகோணமலையில் ஒரு பழைய ஆவணத்தைத் திறந்தால் அநேகமாக அது பாமினி எழுத்துருவில்தான் இருக்கும். கோயில் வரவு செலவு, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டறிக்கை, பாடசாலை மலருக்கு வந்த கட்டுரை, எல்லாம் அப்படித்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். இதை எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்ற ஒரு சிறு கருவியை 2019இல் எழுதி, மூலநிரலைப் பொதுவில் வைத்தேன். யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று மனதில் நினைத்தேனே தவிர, எங்கும் எழுதி வைக்கவில்லை.

நான்கு வருடத்தில் நிலாவெளி, கிண்ணியா, கொழும்பு, கனடா என்று பதின்மூன்று பேர் கைகொடுத்திருந்தார்கள். அப்போதுதான் ஒரு நிறுவனம் எழுதிக் கேட்டது: “உங்கள் கருவியை எங்கள் செயலியில் சேர்க்க விரும்புகிறோம். என்ன உரிமம்?”

மற்றவர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தைப் போடாவிட்டால் தடையும் இல்லை என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கணினி நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு. எழுதிய கணத்திலேயே அது வந்துவிடும், பதிவு தேவையில்லை. அனுமதி இல்லாமல் மற்றவர் அதைப் பிரதி செய்யவோ மாற்றவோ முடியாது. அதோடு, அந்தப் பதின்மூன்று பேர் எழுதிய பகுதிகள் அவரவருக்கே சொந்தம். நான் தனியாக ஓர் உரிமத்தை ஒட்டிவிட முடியாது.

எதைத் தேர்வது என்று இரண்டு மாதம் பேசினோம். எம்ஐடி உரிமம் எளிமையானது, ஆனால் எங்கள் திருத்தங்களை எடுத்து மேலும் செப்பனிட்டு ஒருவர் பூட்டி வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் என்ற உரிமத்தைப் போட்டால் அதைச் சேர்த்து வெளியிடும் செயலி முழுவதையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டும். பலர் ஒதுங்கிவிடுவார்கள்.

நாங்கள் காப்பாற்ற நினைத்தது உண்மையில் சொற்பட்டியலைத்தான். பாமினியில் ‘மௌ’ எழுத ஒற்றைக்கொம்பு, ம, ள என்று தட்டுவோம். ‘மெள’ என்று இரண்டு எழுத்தாக எழுதவும் அதே மூன்று விசைகள்தான். ‘மௌலவி’யில் அது ஔகாரம். சிறுகதையில் ஒருவர் ‘வெளங்குதா’ என்று கேட்டால் அது வெ, ள. நிரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சொற்களைச் சேர்க்க வருடக்கணக்காயிற்று.

கடைசியில் மொசில்லா பொது உரிமத்தின் 2.0 பதிப்பைத் தேர்ந்தோம். 2012இல் வந்தது. அது கோப்பளவில் வேலை செய்கிறது: எங்கள் கோப்பை மாற்றி வெளியிடுபவர் அந்தக் கோப்பின் மாற்றத்தைத் திறந்து வைக்க வேண்டும், அவருடைய சொந்தக் கோப்புகள் அவருடையவை. சொற்பட்டியல் தனிக் கோப்பு என்பதால் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

அப்புறம் ஒப்புதல் வாங்கும் வேலை. விஎல்சி என்ற காணொளி இயக்கியின் குழுவினர் தங்கள் உரிமத்தை மாற்றியபோது நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள், பதின்மூன்று பேரை நாம் பிடிக்க மாட்டோமா என்று தொடங்கினேன். ஒன்பது பேர் ஒரே வாரத்தில் பதில் தந்தார்கள். ஒருவர் அலுவலக வேலையின் பகுதியாக எழுதியிருந்தார். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதன் பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்கே போகும் என்பதால் முகாமையாளரின் கடிதம் வாங்கினோம். இன்னொருவர் ஜிபிஎல் உரிமமுள்ள வேறொரு கருவியிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் போட்டிருந்தார். அதை நீக்கி, அந்த மூலத்தைப் பார்த்தே இராத ஒருவரைக் கொண்டு புதிதாக எழுதினோம். ஒருவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவர் பகுதியையும் எடுத்துவிட்டோம். மனம் வருந்தித்தான் செய்தேன்.

பதின்மூன்றாவது ஆள் கிண்ணியாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை. சீ.ஆர். கொப்பி ஒன்றில் நானூறு சொற்கள் எழுதித் தந்தவர். “நான் கோட் ஒன்றும் எழுதவில்லையே தம்பி, என்னிடம் எதற்குக் கையெழுத்து?” என்று கேட்டார். “தேடித் தொகுத்தது நீங்கள்தானே டீச்சர், உங்கள் அனுமதி இல்லாமல் நாங்கள் கொடுக்கக் கூடாது” என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை முதலிலிருந்து வாசித்தார். சிவப்புப் பேனையால் இரண்டு சொற்களை வெட்டித் திருத்திய பிறகே கையெழுத்து வைத்தார்.

இனி வருகிறவர்களுக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலில் 2004இலிருந்து இருக்கும் முறையை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு மாற்றத்தின் கீழும், இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பொருள்படும் ஒரு வரியைத் தங்கள் பெயரோடு எழுத வேண்டும். உரிமையை என் பெயருக்கு மாற்றித் தர வேண்டியதில்லை. எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

பயனர்களுக்கு உதவுவதற்கான விதிகளையும் அதே நேரத்தில் எழுதினோம். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். ஒருமுறை ஒரு சங்கத்தின் முழு அங்கத்தவர் பட்டியல், அடையாள அட்டை இலக்கங்களோடு என் கைபேசிக்கு வந்து விழுந்தது. ஓர் எழுத்துப் பிழைக்காக இத்தனை பேரின் விபரம்! முதல் விதி அன்றே உருவானது: பிழையான வரியை மட்டும் அனுப்புங்கள். கேள்வி பொதுவில், தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். பாதுகாப்புக் குறை மட்டும் தனி மின்னஞ்சலுக்கு. பதில் ஏழு நாளுக்குள், வாரத்துக்கு இருவர் முறைபோட்டுப் பார்ப்பார்கள். கடைசி இரண்டு பதிப்புகளுக்கே உதவி. அன்றைக்கே வேண்டுமென்றால் எங்களில் யாருக்காவது பணம் கொடுத்துச் செய்விக்கலாம், உரிமம் அதைத் தடுக்காது.

விதி வந்த முதல் வாரம் என் முறை இல்லை. மூதூரிலிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது: தண்ணீர் ‘பௌசர்’, ‘பெளசர்’ ஆகிவிட்டது. முறையில் இருந்த நிலாவெளித் தங்கை சொல்லைப் பட்டியலில் சேர்த்து, கீழே தன் பெயரை எழுதிப் பதிலும் போட்டுவிட்டார். நான் அதைப் பார்த்தது மறுநாள் காலையில்தான்.