கல்லில் பொறிக்க விடாத ஆண்டு

வார்சா விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் 175ஆம் எண் பஸ், சோவியத் வீரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் கடந்துதான் போகிறது. மறுநாள் காலை அங்கிருந்தே தொடங்கினேன். 1944-45இல் இங்கே ஹிட்லரின் படையோடு மோதி மாண்ட 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்ட இடம். பெரும்பாலோரின் பெயர்கூடத் தெரியாது. போலந்து மண்ணில் ஆறு லட்சம் பேரைப் பறிகொடுத்தோம், எங்கள் நினைவுச் சின்னங்களையா இடிக்கிறீர்கள் என்று ரஷ்யர்கள் கேட்கிறார்கள். அந்தப் புல்வெளியில் நின்றபோது அந்தக் கேள்வியை என்னால் அலட்சியப்படுத்த முடியவில்லை.

அவர்களுக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. 1919-21இல் போலந்துக்கும் சோவியத்துக்கும் நடந்த போரில் பிடிபட்ட செம்படையினரில் 16 முதல் 20 ஆயிரம் பேர் போலந்து முகாம்களில் நோயாலும் பசியாலும் இறந்தார்கள். அதுவும் பெருங்கொடுமைதான். ஆனால் 1940இல் சோவியத் ரகசியப் போலீஸ் போலந்துக் கைதிகளைச் சுட்டுப் புதைத்த ரஷ்யக் காடான காத்தினைப் பற்றிப் பேச்செடுத்ததும் பதிலடிபோல அதை எடுத்து நீட்டுவதை ஏற்க முடியவில்லை.

அங்கிருந்து பொவோன்ஸ்கி ராணுவக் கல்லறைக்குப் போனேன். 1981 ஜூலை 31 அன்று இங்கே ஒரு கல் சிலுவையை நட்டார்கள். அதில் பொறித்திருந்தது 'காத்தின்', '1940'. அன்றிரவே, அப்போது சோவியத் பிடியில் இருந்த கம்யூனிஸ்ட் போலந்தின் ரகசியப் போலீஸ் அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. ஊர்ப்பெயரால் ஆபத்தில்லை, ஆண்டுதான் ஆபத்து. ஜெர்மன் படை அந்தக் காட்டுப்பக்கம் வந்தது 1941 கோடையில். 1940 என்று எழுதினால் சுட்டவன் யார் என்று சிறுபிள்ளைக்கும் விளங்கிவிடும். 1985இல் அரசே ஒரு நினைவுச் சின்னம் வைத்து, ஹிட்லரின் பாசிசத்துக்குப் பலியானவர்கள் என்று எழுதியது. கணவன் செத்த ஆண்டைக் கல்லில் பொறிக்க முடியாமல் எத்தனை பெண்கள் கிழவிகளாகிக் கண்ணை மூடியிருப்பார்கள்! கொலையை விட இந்தப் பொய்தான் என்னை அதிகம் உலுக்கியது.

1940 மார்ச் 5 அன்று சோவியத் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியா நீட்டிய தாளில் ஸ்டாலின் கையெழுத்திட்டார். ராணுவ அதிகாரிகள், போலீஸார், மருத்துவர்கள், ஆசிரியர்கள் என 21,857 பேர் காத்தினிலும் வேறு இடங்களிலும் கொல்லப்பட்டார்கள். சோவியத் தலைவர் கோர்பச்சேவ் இதை ஒப்புக்கொண்டது 1990இல். புண் ஆறத் தொடங்கியது என்று நினைத்தால், 2020இல் ரஷ்யாவின் த்வேர் நகரில், கைதிகளைச் சுட்ட கட்டடத்தின் சுவரிலிருந்து நினைவுப் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள்.

மாலையில் விஸ்துலா ஆற்றங்கரைக் கோட்டையிலுள்ள காத்தின் அருங்காட்சியகம். ஜார் மன்னன் போலந்துக்காரர்களை அடக்கி வைக்கக் கட்டிய கோட்டை அது. உள்ளே சவக்குழிகளில் கிடைத்த பொருள்கள்: கழுகு பொறித்த சட்டைப் பொத்தான்கள், மூக்குக்கண்ணாடிகள், ஜெபமாலை. ஒரு பொத்தானின் துளையில் நூல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னே வெகுநேரம் நின்றேன்.

காத்தினில் கொல்லப்பட்ட போலந்து மேஜர் ஆடம் சோல்ஸ்கியின் நாட்குறிப்பு நினைவுக்கு வந்தது. 1943இல் அவர் உடலோடு கிடைத்தது அது. கடைசிக் குறிப்பின் தேதி 1940 ஏப்ரல் 9. ஏதோ ஒரு காட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், சோதனை போடுகிறார்கள் என்று எழுதுகிறார். கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள், அதில் மணி ஆறரை. திருமண மோதிரத்தைப் பற்றிக் கேட்டார்கள். ரூபிள், பெல்ட், பேனாக்கத்தி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பக்கத்தில் எழுத்து இல்லை.