தின்னர் டின்னில் பிடித்த பூமியின் வேகம்: 28.5

விண்வெளி ஹைட்ரஜன் அனுப்பும் ரேடியோ அலையை வைத்து, பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தை வீட்டு மாடியிலேயே அளந்துகொண்டிருக்கிறேன். செப்டம்பர் அளவும் கைக்கு வந்துவிட்டது. மார்ச்சில் எடுத்ததையும் இதையும் ஒரே தாளில் வரைந்தால், ஹைட்ரஜன் அலை உச்சத்தைத் தொடும் மேடுகள் இரண்டும் தெளிவாக விலகி நிற்கின்றன. மார்ச்சில் 1420.212 மெகாஹெர்ட்ஸ், செப்டம்பரில் 1420.482. இடைவெளியில் பாதி 135 கிலோஹெர்ட்ஸ். விலகினால் அலைவரிசை குறையும், நெருங்கினால் கூடும் என்ற டாப்ளர் கணக்கில் அது நொடிக்கு 28.5 கிலோமீட்டர். பாடப்புத்தகம் சொல்வது 29.8. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர் இறங்க பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பூமிக்கு ஒரு நொடியும் கொஞ்சமும் போதும். மொட்டை மாடியில் ஒரு பெயிண்ட் தின்னர் டின்னை வைத்து இதைப் பிடித்ததற்குச் சற்றுப் பெருமை அடித்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்தும் இதே வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் நீலகிரியில் செப்டம்பர் விடியற்காலை வானத்தை நம்பி யார் உட்காருவது? ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலைக்கு மஞ்சும் மேகமும் ஒரு பொருட்டே இல்லை.

எந்தத் திசையைப் பார்ப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பால்வீதியில் கண்ட இடத்தில் கொம்பை, அதாவது அலையைப் பிடிக்கும் புனல் வடிவ ஆன்டெனாவை, திருப்பினால் அதன் சுழற்சி வேகமும் சேர்ந்து குழப்பும். நான் எடுத்துக்கொண்டது திருவாதிரைக்கு நேர் வடக்கே, ரிஷபத்தின் கொம்புக்கும் மிதுனத்தின் காலுக்கும் இடைப்பட்ட இடம். பால்வீதி மையத்துக்கு ஏறத்தாழ நேர் எதிர்ப்புறம் என்பதால் அங்கே சுழற்சியின் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. சூரியப் பாதையும் அங்கேதான் பால்வீதியை வெட்டுகிறது. மார்ச் சம இரவு நாளில் பூமி அந்த இடத்தை விட்டு முழு வேகத்தில் விலகுகிறது, செப்டம்பரில் அதே வேகத்தில் நெருங்குகிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் அது உச்சிக்கு 12 பாகை வடக்கே கடக்கும். மார்ச்சில் மாலை ஆறு மணிக்கு, செப்டம்பரில் காலை ஆறு மணிக்கு. கொம்பை வடக்கே சாய்த்துக் கட்டிவிட்டால் போதும், திருப்பும் வேலையைப் பூமி பார்த்துக்கொள்ளும். வானத்தின் வடக்கு-தெற்கு நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தில் எடுப்பதால் பூமி தன்னைத்தானே சுற்றும் வேகமும் கணக்கில் நுழையாது.

கொம்பு, அதன் அடியில் உள்ள டின், டின்னுக்குள் அலையை வாங்கும் 5.2 சென்டிமீட்டர் செம்புக் கம்பி எல்லாம் வழக்கமானவை. என் உயிரை வாங்கியது டாங்கிளின், அதாவது அலையைக் கணினிக்குள் கொண்டுவரும் யூ.எஸ்.பி. ரேடியோவின், கிரிஸ்டல்தான். அலைவரிசைக்கு அளவுகோல் அதுதான். அது ஒரு பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினால் 1.4 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 0.3 கிலோமீட்டர். மலிவான டாங்கிளில் 50 பி.பி.எம். பிசகு சாதாரணம், அது 15 கிலோமீட்டர், தேடும் வேகத்தில் பாதி! ஆன்லைனில் ஒரு கடை, வெப்பம் மாறினாலும் நிலையாக நிற்கும் டி.சி.எக்ஸ்.ஓ. கிரிஸ்டல் இருப்பதாகச் சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றது. மூடியைக் கழற்றினால் உள்ளே நீள்வட்டமாக ஒரு சாதாரண உலோக டப்பிக் கிரிஸ்டல் என்னைப் பார்த்துச் சிரித்தது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், மூடியைக் கழற்றிவிட்டேனாம். கழற்றாமல் எப்படித் தெரியும்?

வேறு வழியின்றி அதையே பழக்கினேன். டாங்கிளைத் தடித்த அலுமினியத் தகடு ஒன்றோடு இறுக்கி, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, அளப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓடவிடுவேன். முதல் இருபது நிமிடம் அலைவரிசை நழுவிக்கொண்டே போகும், பிறகு அடங்கும். அடங்கிய பின் பக்கத்து மேட்டில் உள்ள செல்பேசிக் கோபுரத்தின் 2ஜி அலையைப் பிடித்து ஒப்பிட வேண்டும். அந்தக் கோபுரங்கள் 0.05 பி.பி.எம்.முக்குள் நிற்க வேண்டும் என்பது விதி. நமக்கு இலவசமாகக் கிடைத்த படிக்கல். அளந்து முடித்ததும் மறுபடி ஒப்பிட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு பி.பி.எம்.முக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த நாள் கணக்கில் சேராது. இப்படிக் கழித்துக்கட்டிய விடியற்காலைகள் நிறைய.

இத்தனை கறாராக இருந்ததற்குப் பலன் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. இரண்டு மேடுகளுக்கும் நடுப்புள்ளி, அசையாத ஹைட்ரஜனின் அலைவரிசையான 1420.406இல் விழ வேண்டும் அல்லவா? விழுந்தது 1420.347இல். கிரிஸ்டலைத்தான் திட்டினேன். கோபுரமோ கிரிஸ்டல் சரி என்றது. அந்த 59 கிலோஹெர்ட்ஸ் சூரியனுடையது! அக்கம்பக்கத்து நட்சத்திரக் கூட்டத்துக்கு நடுவே சூரியன் நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஹெர்குலிஸ் பக்கம் போகிறது. என் கொம்பு பார்க்கும் திசைக்கு அதில் 12 கிலோமீட்டர் விலகலாக விழ வேண்டும். எனக்குக் கிடைத்தது பன்னிரண்டரை. பூமியின் வேகத்தைவிட இந்த எண்ணில்தான் எனக்கு மகிழ்ச்சி அதிகம்.

பூமிக் கணக்கில் குறையும் 1.3 கிலோமீட்டருக்கு முதல் சந்தேகம் கொம்பின் மேல்தான். வாய் 75 சென்டிமீட்டர், பார்வை 16 பாகை அகலம். பல திசை ஹைட்ரஜன் கலந்து மேடு தட்டையாகிவிடுகிறது. வாயைப் பெரிதாக்க வேண்டும். கொம்பு செய்த அட்டைப் பெட்டியில் ஒட்டிய ஃபாயில் இந்த ஈரத்தில் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. பாதியை மழை ஊறவைத்தது, மீதியைக் குரங்குகள் உரித்தன. 1951இல் இந்த அலையை முதன்முதலில் பிடித்த ஈவனும் பர்செல்லும் ஹார்வர்டில் ஜன்னலுக்கு வெளியே கொம்பை நீட்டியிருந்தார்கள். மழை பெய்தால் அதன் வழியே ஆய்வகத்துக்குள் தண்ணீர் கொட்டியதாம். என்னுடையதற்கு பாலித்தீன் உறை போட்டாயிற்று, அந்த அலை அதைக் கண்டுகொள்வதில்லை.

ஊட்டியை அடுத்த முத்தோரையின் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமை வரும். 530 மீட்டர் நீளத்தை 11 பாகைச் சரிவில் படுக்கவைத்து, பூமியின் அச்சுக்கு இணையாக்கிவிட்டார்கள். ஒரே அச்சில் சுழற்றினால் போதும். ஆனால் அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ். ஹைட்ரஜன் எனக்கு!

செப்டம்பர் கணக்கின் பிழை எல்லையை இன்னும் போட்டு முடிக்கவில்லை, அதற்குள் மனம் திருவோணத்தின் பக்கம் போய்விட்டது. அதற்குச் சற்று வடக்கே பால்வீதி இந்த மாதம் இரவு எட்டு மணிவாக்கில் ஏறக்குறைய உச்சியில் நிற்கிறது. பால்வீதியோடு சேர்ந்து நாம் சுற்றும் 220 சொச்சக் கிலோமீட்டர் வேகத்துக்கு அங்கிருந்து ஒரு வழி உண்டு. புதிய கொம்புக்குத் தகரக் கூரையின் அடியில் ஒட்டும் அலுமினியம் பூசிய ஃபோம் ஷீட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் முழு ரோலாகத்தான் தருவார்கள், எனக்குத் தேவை கால்வாசி. குன்னூர், ஊட்டிப் பக்கம் யாராவது கொம்பு கட்டுவதாக இருந்தால் மீதியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.